மினிடிஸ்கில் இருந்த பதில் பாட்டு

எங்கள் பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் நடத்துவது என்று முடிவான அன்று, மன்னார்குடி வீட்டில் பழைய வழக்கு ஒன்று மறுபடியும் கிளம்பியது. அறுபதாம் கல்யாணமும் அதே திருக்கடையூரில்தான் நடந்தது. அப்போது நலங்கில் பெரியம்மா அவரைக் கேலி செய்து, சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினார். அதற்குத் தானும் அங்கேயே பதில் பாட்டு பாடியதாகப் பெரியப்பா இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வாயே திறக்கவில்லை என்பது பெரியம்மாவின் கட்சி. வீட்டில் நாங்கள் எல்லோரும் பெரியம்மா பக்கம்தான். பெரியப்பா பாடி யாரும் கேட்டதில்லை, அன்றும் சரி, அதற்கு முன்பும் சரி.

“ரெண்டு அடி பாடினேன். யாரும் காதுல வாங்கல,” என்றார் பெரியப்பா.

“என்ன பாடுனீங்க, இப்ப பாடுங்க பாப்போம்,” என்றார் பெரியம்மா.

“அத இப்ப பாடுனா எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது.”

இப்படித்தான் ஒவ்வொரு முறையும் நழுவுவார். நாங்கள் சிரிப்போம். அவர் முகம் சிறிது வாடும்.

கல்யாண வீடியோவும் உதவவில்லை. நலங்கு நேரத்தில் வீடியோக்காரரின் காலர் மைக்கில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அவர் பிறகு அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டார். படத்தில் பெண்கள் கைதட்டிச் சிரிப்பது தெரியும். பெரியப்பா இருக்கும் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

அன்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தஞ்சாவூர் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு மினிடிஸ்க் ஞாபகம் வந்தது. அந்த நலங்கை நானும் பதிவு செய்திருந்தேன். ஆனால் அந்த டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன்.

அப்போது தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் லீவில் வந்தபோது, கையடக்கமான ஒரு மினிடிஸ்க் ரெக்கார்டரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல்நிறப் பெட்டி. அதற்குள் போடும் டிஸ்க் ஒரு சதுரமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும், ஒரு பெரிய பிஸ்கட் அளவுதான். உள்ளே தள்ளி மூடியை அழுத்தினால் ‘சிர்ர்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே சும்மா சும்மா திறந்து மூடுவேன். கேசட் மாதிரி நாடா சிக்காது. பாட்டை வரிசை மாற்றலாம், வெட்டலாம், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். பெயரை ஒரு குமிழைத் திருகித் திருகி எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும். அதற்கே அரைநாள் போகும். எனக்கு அலுத்ததே இல்லை.

விடுதியில் இன்னொருத்தியிடமும் இதே கருவி இருந்தது. கூத்தாநல்லூர்க்காரி. அவள் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது. இரண்டு பேரும் அன்றே தோழிகள் ஆகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாட்டுகளை டிஸ்க்குக்கு மாற்றுவோம். அதற்கென்று கருவியோடு வந்த ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதன் பிடிவாதம் சொல்லி மாளாது. ஒரு பாட்டைக் குறிப்பிட்ட சில தடவைதான் டிஸ்க்குக்கு அனுப்ப விடும். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி அனுப்பலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது மாதிரி. நாமே மைக் வைத்துப் பதிவு செய்ததையோ கம்ப்யூட்டருக்குள் ஏற்றவே விடாது. “என் குரல எனக்கே தர மாட்டேங்குதுடி,” என்று அவள் கம்ப்யூட்டரைத் திட்டுவாள். அவளுடைய அம்மா சமோசா கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரோடு சண்டை என்று எட்டிப் பார்ப்பார்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் புது டிஸ்க் ஒன்றைப் பிரித்துப் போட்டேன். நலங்கு தொடங்கும் முன் சின்ன மைக்கைப் பெரியப்பாவின் பக்கத்தில் இருந்த பழத்தாம்பாளத்தின் ஓரத்தில் செருகினேன். ரெக்கார்டரைத் துணிப்பைக்குள் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். பெரியம்மா பாட ஆரம்பித்ததும் பந்தியில் இலை போட ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா சந்தோஷமாக நின்றிருந்தார். “வீடியோக்காரர் மைக்குல பேட்டரி போயிடுச்சும்மா. ஒன் பையில வாக்மேன் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதுல இருந்தத கழட்டிக் குடுத்துட்டேன். நல்லவேளை,” என்றார்.

மினிடிஸ்க்கில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு, புத்தகத்தில் பொருளடக்கம் இருப்பது போல ஒரு சின்ன இடம் உண்டு. பதிவை முறையாக நிறுத்தினால்தான் கருவி அதை எழுதும். நடுவில் பேட்டரியைப் பிடுங்கினால் பொருளடக்கம் இல்லாமல் போகும். வேறு பேட்டரி போட்டுப் பார்த்தேன். திரையில் ‘காலி டிஸ்க்’ என்று வந்தது. சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டிஸ்க்கில் வேறு எதையும் பதிவு செய்ய மனசும் வரவில்லை.

இப்போது தஞ்சாவூரில் நானும் கணவரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். மன்னார்குடியிலிருந்து திரும்பிய மறுநாள், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் கூத்தாநல்லூர்த் தோழிக்குப் போன் போட்டு அந்த டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். சும்மா புலம்பத்தான் கூப்பிட்டேன்.

அவள் “அடியே, அந்த டிஸ்க்குல அதுக்கப்புறம் ஏதாச்சும் பதிஞ்சியா?” என்று கேட்டாள்.

“இல்ல. அப்படியே கிடக்கு.”

“அப்ப சத்தம் உள்ளதான்டி இருக்கு. பொருளடக்கம்தான் இல்ல. இப்ப பசங்க எவ்வளவோ பண்ணி வச்சிருக்காங்க. பழைய சாஃப்ட்வேரே வேணாம். பிரவுசர்லயே ஒரு பக்கத்தத் தொறந்து ரெக்கார்டரச் சொருகுனா போதும். பதிஞ்சத வெளிய எடுக்கலாம். பொருளடக்கத்தையே புதுசா எழுதலாமாம். நான் வரேன், நீ எதையும் தொடாத.”

அந்த வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை. அதில் அவளுடைய ரெக்கார்டர், இப்போது எந்தக் கடையிலும் கேட்டால் விழிக்கிற அந்தப் பழைய மாதிரி கேபிள், என் டிஸ்க்கைத் தொடும் முன் சோதித்துப் பார்க்கப் பலிகொடுக்க அவளுடைய டிஸ்க் ஒன்று, ஒரு டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு. மருந்துக்கடையின் பின்பக்கம், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்தோம். என் கணவர் முன்னால் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

முதலில் கம்ப்யூட்டர் ரெக்கார்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. என் பிரவுசர் ஒத்துவராது என்றாள். வேறொன்றை இறக்கினோம். அப்போதும் இல்லை. இதற்கென்று ஒரு டிரைவர் போட வேண்டுமாம், போட்டோம். கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகியதும் ரெக்கார்டரின் பெயர் லேப்டாப் திரையில் வந்து நின்றது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். “இரு, இன்னும் ஒண்ணும் நடக்கல,” என்றாள்.

அவள் கொண்டுவந்த டிஸ்க்கில் எங்கள் கல்லூரி ஆண்டு விழாப் பேச்சு இருந்தது. ரெக்கார்டரிலேயே அதை அழித்தோம். காலி டிஸ்க் என்று காட்டியது. பிறகு பிரவுசர் பக்கத்தில் பொருளடக்கத்தைத் திறந்து, டிஸ்க் முழுவதும் ஒரே பாட்டு என்று எழுதி அனுப்பினோம். கருவி ‘சிர்ர்’ என்றது. பிளே பித்தானை அழுத்தினேன். கல்லூரி முதல்வர் எல்லோரையும் வரவேற்றுப் பேச ஆரம்பித்தார். அன்று விழாவில் அந்தப் பேச்சுக்குத் தூங்கி வழிந்த இரண்டு பேரும் இப்போது ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டோம்.

பிறகு என் டிஸ்க்கை வைத்தேன். காலி என்றது. “நீயே அழுத்து,” என்று தோழி லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். முன்னால் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம் வந்தது. அழுத்தினேன். கருவி வழக்கத்தைவிட நீளமாக முனகியது. திரையில் ஒன்று என்ற எண் வந்தது, பக்கத்தில் நேரம். ‘காலி’ என்ற சொல் போய்விட்டிருந்தது.

இயர்போனில் முதலில் துணி உரசும் சத்தம். நான் மைக்கைச் செருகுவது. பிறகு என் குரல், இருபது வயதுக் குரல், “பெரியப்பா, தாம்பாளத்த அசைக்காதீங்க,” என்றது. அப்புறம் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் பெரியம்மாவின் குரல் எழுந்தது.

மோட்டாரு பறக்குமுன்னு பொண்ணுகிட்ட சொன்னாரு
மோட்டாரு நின்னுடுச்சு, மாப்பிள்ள பறந்தாரு
பாமணி வாய்க்கால்ல வேட்டியோட குளிச்சாரு
வெயிலுக்கு இதமுன்னு வெக்கத்த மறைச்சாரு

பெண்களின் சிரிப்பு அலை அலையாக வந்தது. அது அடங்கும் முன்னால், மைக்குக்கு மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார். கரகரத்த குரல், தாளம் தப்பாமல், கிட்டத்தட்ட வாய்க்குள்ளேயே பாடியது.

தூக்கிவிட வந்தவளும் தொபுக்குன்னு விழுந்தாளே
தொலஞ்ச வளையலத் தேடச்சொல்லி அழுதாளே

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இயர்போன் பிடுங்கிக்கொண்டது. “பாடியிருக்காருடி. நெசமா பாடியிருக்காரு,” என்றேன். தோழி, “மறுபடி போடு, மறுபடி போடு,” என்று என் முந்தானையை இழுத்தாள். கணவர் கையில் மருந்துச் சீட்டோடு உள்ளே ஓடிவந்தார். அவருக்கும் போட்டோம். வெளியே இருமல் மருந்துக்காரர், “ஏங்க, யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா?” என்று கேட்டார்.

அதைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும்போது திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. கேபிள் அசைந்துவிடக் கூடாது என்று தோழி அதை விரலால் பிடித்துக்கொண்டே இருந்தாள். மற்றொரு கையால் தம்ரூட் சாப்பிட்டாள். கோடு ஓரத்தைத் தொட்டதும் மூன்று இடங்களில் நகல் எடுத்து வைத்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியாது. பெரியம்மா தினமும் போனில் பூ, பழம், புடவை என்று பேசுவார். ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்துவிடும்.

திருக்கடையூரில் காலையில் கலசத் தண்ணீர் ஊற்றி, தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, தங்கியிருந்த விடுதியின் பெரிய அறையில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். தோழியும் வந்திருந்தாள். அவளுடைய சின்ன ஸ்பீக்கரைப் பெரியப்பாவின் பக்கத்தில் வைத்தேன். அவருக்கு இப்போது வலது காது மட்டும்தான் கேட்கும்.

பெரியம்மாவின் பாட்டு வந்ததும் அறையே கலகலத்தது. “யாரு இது, நானா?” என்று பெரியம்மா வெட்கப்பட்டார். “சத்தம் போடாதீங்க, இனிமேதான் இருக்கு,” என்றேன். அறையில் சிரிப்பு ஓய்ந்தது. செருமல் வந்தது. பெரியப்பா குனிந்து காதை ஸ்பீக்கரில் வைத்தார்.

இரண்டு அடியும் முடிந்தன. பெரியப்பா நிமிர்ந்து, ஈரமான கண்ணோடு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சித்தப்பாதான் முதலில், “அண்ணே, மன்னிச்சுக்கண்ணே,” என்றார். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம்.

பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு,” என்றார்.

“கேட்டுச்சா?” என்றார் பெரியப்பா.

“கேக்காம என்ன, பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். நான் விழுந்தது சம்பந்தி வீட்டுக்கெல்லாம் தெரிஞ்சு போயிடுமேன்னுதான் சத்தமா சிரிச்சு அமுக்கிட்டேன்.”

“அப்ப இருவது வருஷமா?”

“நீங்க பாடினேன் பாடினேன்னு சொல்லும்போது மொகம் ஒரு மாதிரி போவும். பாக்க நல்லா இருக்கும்.”

பெரியப்பா தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, தோழி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். வீடியோ அழைப்பில் இருந்த சிங்கப்பூர் அண்ணன், “அம்மா, நீங்க வாய்க்கால்ல விழுந்தீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே,” என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு பெரியம்மா முழுக்கதையையும் சொன்னார். கல்யாணமான புதிதில் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனது, மதகுக்கல்லில் மோதியது, கை கொடுக்கப்போய்ச் சேற்றில் வழுக்கியது, கண்ணாடி வளையலுக்காக அவரை இடுப்பளவுத் தண்ணீரில் தேடவிட்டது. பெரியப்பா நடுநடுவே திருத்தினார். அவர் திருத்தியதைப் பெரியம்மா திருத்தினார்.

மறுநாள் வேனில் ஊர் திரும்பினோம். மன்னார்குடி நெருங்கும்போது பெரியம்மா டிரைவரைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த மதகுகிட்ட செத்த நிறுத்துங்க,” என்றார். எல்லோரும் இறங்கினோம். வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. எதிர் வயலில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. பெரியம்மா கரையோரம் போய் விரல் நீட்டி, “இங்கதான்,” என்றார்.

பெரியப்பா கைத்தடியை ஊன்றி நாலாபுறமும் பார்த்தார். “இங்க இல்ல,” என்றார். “இன்னும் கொஞ்சம் தெக்க.”