நடுக்கடலில் படிக்கட்டு

கொலு வைக்கிற மாதம் வந்தால் எல்லாருக்கும் பக்தி வரும். எனக்குக் கோபம்தான் வரும். தலை பாதி நரைத்துவிட்டது, அந்தக் கோபம் மட்டும் நரைக்க மாட்டேன் என்கிறது.

யுத்த காலம். பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறியபோது, என் அத்தையும் அத்தை மகளும் இரண்டு தகரப் பெட்டிகளோடு திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை. அவர் கப்பலில் சமையல்காரர். ரங்கூன் பக்கம் போன அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று துறைமுகத்திலேயே ஒருவருக்கும் தெரியவில்லையாம். என் நைனா இதை அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்வார். எனக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. கடலையே பார்க்காத பயல் என்று அத்தை மகள் என்னைச் சொல்லிவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

எங்கள் வீட்டில் கொலுப் படிகளுக்குக் கீழே வருஷா வருஷம் ஒரு குளம் வைப்போம். இந்தத் தடவை குளம் வேண்டாம், கடல் வைக்கிறேன் என்று அறிவித்தேன். சோழ ராஜா கப்பலேறிப் போய்ச் சண்டையில் ஜெயித்த கதையை வாத்தியார் அப்போதுதான் நடத்தியிருந்தார். உடைந்த கதவுப் பலகை ஒன்றில் களிமண்ணை அலை அலையாகப் பூசிக் காயவைத்தேன். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துத் தடவினேன். நுரைக்குச் சுண்ணாம்பு. கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு கப்பல். அதன்மேல் கட்டைவிரல் உயரத்துக்குக் களிமண் வீரர்கள். ஆட்டு மயிரைக் குச்சியில் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவனுக்கும் கண்ணும் மீசையும் கச்சையும் எழுதினேன்.

சோழ வீரன் எப்படி இருப்பான் என்று யார் கண்டது? ஆயுதம் வைத்திருக்கிறவர் என்று எனக்குத் தெரிந்தது மலைமேல் இருக்கும் முருகன் ஒருவர்தான். அதனால் எல்லார் கையிலும் வேல், நெற்றியில் பட்டை. கப்பல் தலைவனுக்கு மட்டும் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியும் பச்சைக் கொடியும். கொடியை ஆட்டினால்தானே பெரிய வண்டி எதுவும் கிளம்பும்?

கடைசியாக, குளத்துக்கு வைக்கிற செங்கல் படிக்கட்டுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டையடித்துக் கடலோரத்தில் வைத்தேன். மலைக்குக் கீழே இருக்கிற சரவணப் பொய்கைக்குப் படிக்கட்டு இருக்கிறது. அத்தனை பெரிய கடலுக்கு இல்லாமலா போகும்?

முதல் நாள் சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருக்கும்போது அத்தை மகள் வாயைத் திறந்தாள்.

"கடலுக்கு எங்கனா படிக்கட்டு இருக்குமாடா? ஜனங்க எறங்கி கைகால் கழுவிகினு மலை ஏறப் போறாங்களா?"

சுண்டல் அடைத்த வாயோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். உடனே பிடுங்கி எறிந்திருப்பேன். முடியாது. கொலுவில் வைத்ததைக் கடைசி நாள் ஒரு பொம்மையைப் படுக்கவைக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது, அசைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அம்மாவின் சட்டம். என் அவமானம் நவராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பார்த்தால், நடுக்கடலில் நிறுத்தியிருந்த கப்பல் படிக்கட்டை ஒட்டி நின்றது.

நான் பதறவே இல்லை என்று எழுத ஆசைதான். என் பல் தந்தியடித்த சத்தம் பின்கட்டு வரை கேட்டிருக்கும். காய்ந்த மண் கடலில் கப்பல் எப்படி மிதந்து வரும்? ஜப்பான்காரன் கப்பலில்தான் வருவான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவன் திருத்தணிக்கு வர என் கொலு வழியாகவே பாதை போட்டுவிட்டான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பூஜை மாடத்திலிருந்து விபூதியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தூவினேன். கண் மூடியிருந்ததில் கிண்ணம் முழுக்கக் கொட்டிவிட்டது. சோழர் படை மாவு மில்லிலிருந்து வந்தது போல் நின்றது. அம்மா பார்ப்பதற்குள் கப்பலைப் பழைய இடத்தில் வைத்தேன்.

அதற்கு மறுநாள் கப்பல் மறுபடி படிக்கட்டோரம். இப்போது பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. ஜப்பான்காரனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வேலையே இல்லாதவள் அத்தை மகள் ஒருத்திதான். சமையலறை வாசலில் அவள் பின்னலைப் பிடித்து நிறுத்தினேன்.

"முருகன் மேல சத்தியமா நான் தொடல. தொட்டா நீலம் ஒட்டிக்காது? பாரு என் கைய" என்று இரண்டு உள்ளங்கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுத்தமாக இருந்தன. பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை எங்களை விலக்கிவிடக்கூட இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெண்ணுக்குப் பரிந்துபோகிறாள் என்று அவள்மேலும் எனக்குக் கோபம்.

நேரே தச்சர் பட்டறைக்குப் போய் ஒரு கொட்டாங்குச்சியில் வஜ்ரப் பசை வாங்கி வந்து, கப்பலை நடுக்கடலில் அழுத்தி ஒட்டினேன். இழுத்துப் பார்த்தேன். பலகையே தூக்கிக்கொண்டு வந்தது. இனி சோழ ராஜாவே இறங்கி வந்து தள்ளினாலும் அசையாது.

அடுத்த நாள் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஓடிவந்தேன். கப்பல் ஒட்டின இடத்திலேயே இருந்தது. படிக்கட்டுதான் இருந்த இடத்தில் இல்லை. கரையிலிருந்து கிளம்பி, நான் பார்த்துப் பார்த்து நுரை வைத்த அலைகளை நொறுக்கிக்கொண்டு, நடுக்கடலுக்குப் போய்க் கப்பலை ஒட்டி நின்றது. கப்பல் தலைவன் பச்சைக் கொடியோடு கீழே இறங்கி முதல் படியில் நின்றிருந்தான். பலகைக்கு எதிரே அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் நீலம்.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். சட்டம் போட்டவளே வந்துவிட்டாள், இன்றைக்குத் தீர்ப்பு உண்டு என்று நிமிர்ந்து நின்றேன். அம்மா படிக்கட்டைப் பார்த்தாள். அத்தையின் கையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதானம்மா அசைக்கக் கூடாதுன்ன?"

"அது அப்படியே இருக்கட்டும். எறங்கி வந்தவர யாரும் தொடாதீங்க. நீ வெளியே போய் வெளையாடு போ."

குற்றம் செய்தவளுக்கு ஆறுதல், பறிகொடுத்தவனுக்கு வெளியே போ! சாட்சிக்கு அத்தை மகளைத் தேடினேன். கதவோரம் நின்றிருந்தாள். முதல் நாள் அத்தனை பேர் எதிரில் சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை. தன் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் எனக்கு நியாயம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. ஈரத்துண்டோடு தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்தி, தொண்டை கட்டும் வரை கேட்டேன்:

"நீங்களே சொல்லுங்க. நடுக்கடல்ல எங்கனா படிக்கட்டு இருக்குமா?"