கல்லுக்கு ஆற்றுப்பக்கத்து வீடு

என் வீட்டுக்கு அனுமதி இல்லை. இதை நான் ஒளித்ததும் இல்லை, இதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. நானாட்டானுக்குப் போகிற வண்டிப்பாதையில் நின்று அருவியாற்றுப் பக்கம் திரும்பினால் முதலில் அரசாங்கக் கச்சேரியார் நட்ட எல்லைக்கல் தெரியும். அதைத் தாண்டி ஆற்றுப்பக்கமாக ஓராள் உயரத்துக்கு ஒரு மேடு. அதில்தான் வீடு நிற்கிறது. சட்டப்படி அது அங்கே நிற்கக் கூடாது.

சட்டம் பிழை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது வந்த பெருவெள்ளத்தில் ஆற்றோரத்துப் பள்ளக்காணிகளில் இருந்த மண்வீடுகள் கரைந்து விழுந்தன. ஒரு வீட்டுச் சுவருக்குக் கீழ் அகப்பட்டுத் தாயும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கச்சேரியில் இருந்து ஆட்கள் வந்து வரிசையாகக் கல் நட்டார்கள். கல்லுக்கும் ஆற்றுக்கும் இடையில் சுவர் வைத்த வீடு ஒருவரும் கட்டக் கூடாது. வயலுக்குக் காவற்கொட்டில் போடலாம், அவ்வளவுதான். யாருக்காவது தங்கள் காணிக்கு விதிவிலக்கு வேண்டுமென்றால் பெட்டிசம் என்கிற மனு எழுதிப் போடவேண்டும். கச்சேரியை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை நேரில் வந்து பார்த்துத் தருவார், அல்லது மறுப்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் கல் நட்டவர்கள் வந்தது நல்ல கோடையில். ஆறு மணலாகக் கிடந்தது. அவர்கள் பாதையில் இருந்து நேராக நூல் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளம் எது, மேடு எது என்று குனிந்து பார்க்கவில்லை. அப்படித்தான் எங்கள் மேடும் கல்லுக்கு ஆற்றுப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருவெள்ளத்தில் ஊர்ச்சனமும் மாடுகளும் ஏறி நின்று உயிர் தப்பிய மேடு அது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

அந்தக் காணி என் தாயின் சீதனம். நான் பெரியவளாக முதலே அவர் காய்ச்சலில் கண் மூடிவிட்டார், காணி எனக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் காணி மட்டும் போதாது, அதில் வீடு நிற்கவேண்டும். பாப்பாமோட்டையில் எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் தாய் அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். "சுவர் வைச்ச வீடு நிண்டால்தான் கோயில்ல கலியாண ஓலை வாசிக்கலாம். என்ரை மகன் காவற்கொட்டிலுக்கை குடியிருக்க மாட்டான்." அப்புவுக்கு வேறு காணி இல்லை, நாங்கள் இருந்ததும் மேட்டில் போட்ட கொட்டிலில்தான். அப்பு என்றுதான் என் தகப்பனைக் கூப்பிடுவேன். ஆகவே மேட்டில் சுவர் எழும்பினால் எனக்குக் கலியாணம். எழும்பாவிட்டால் இல்லை. பெட்டிசத்தை நானே எழுதினேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து அன்றைக்குத்தான் உதவியது.

எங்களிடம் நல்ல சாட்சி ஒன்று இருந்தது. மேட்டின் அடிவாரத்தில் ஒரு மருதமரம். ஆறு பெருகி, தண்ணீர் இனி ஏறாது என்று நிற்கிற நேரத்தில், ஊரில் மூத்த ஆம்பிளை ஒருவர் இறங்கிப்போய் அந்த மரத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். பிறகு எல்லோரும் மாதாவுக்கு ஒரு மன்றாட்டுச் சொல்லுவோம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு. ஆக உயர்ந்தது பெருவெள்ளத்துக் கோடு, என் நெஞ்சளவு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மட்டமாக ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது மேட்டின் சரிவிலே போய் முட்டும், மேலே ஏறாது. குருடனுக்கும் தடவிக் காட்டலாம். துரை வந்தால் இந்தக் கயிற்றைப் பிடித்துக் காட்டுவது என்று அப்பு நாலைந்து தரம் பழகி வைத்திருந்தார்.

துரை வருகிறார் என்று தெரிந்ததும் ஊர்த்தலைவர் விதானையார் ஊரைப் பெருக்கச் சொன்னார். தோரணம் கட்டச் சொன்னார். துரை நடக்கிற வழியில் உள்ள மரங்களுக்கெல்லாம் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பெரிய ஆட்கள் வந்தால் அப்படித்தான் செய்வது, கோயில் பார்க்க மேற்றிராணியார் வந்தபோதும் அடித்தோம். எருக்கலம்பிட்டியில் இருந்து சிப்பிச் சுண்ணாம்பு வண்டியில் வந்து இறங்கியது. அப்பு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத மனுசன். நம்முடைய காணியைப் பார்க்க வருகிற துரை என்று, மருதமரத்துக்கு மட்டும் மூன்று தரம் அடித்தார். நான் வாளி பிடித்தேன். வெயிலில் அது பளபளவென்று நின்றபோது இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்துச் சந்தோசப்பட்டோம். எங்கள் மடத்தனத்தை என்னவென்று சொல்ல! கோடு போய்விட்டது என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. அது இருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியுமே, அதனால் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது.

துரை பந்தலுக்குள் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் கச்சேரி முதலியார் நின்று இங்கிலிசைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். முதலாவதாக வந்தவர் நெல்லு வியாபாரி. ஆற்றங்கரையில், ஊரிலேயே ஆகப் பள்ளமான துண்டில் அவருக்கு ஒரு நெல்லுக் களஞ்சியம் கட்டவேண்டும். வண்டி இறக்க வசதியாம். துரை இரண்டு கேள்வி கேட்டார், ஒப்பம் வைத்தார். களஞ்சியம் பொதுநன்மைக்குரியது என்று முதலியார் விளங்கப்படுத்தினார். அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்தான் தாயும் இரண்டு பிள்ளைகளும் போன வீடு இருந்தது.

அடுத்தது நாங்கள். அப்பு கயிற்றோடு முன்னுக்கு நடந்தார், துரை பின்னால் வந்தார். மரத்துக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டிய பிறகுதான் அப்பு நின்றார். அவருடைய முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து உரிந்து வந்தது.

"கோடு இஞ்சைதான் இருந்தது ஐயா. ஊரெல்லாம் அறியும். விதானையாரும் அறிவார்."

விதானையார் தன் செருப்பைப் பார்த்தார். துரை மரத்தைச் சுற்றி வந்து ஏதோ சொன்னார்.

"மரம் வெகு சுத்தமா இருக்கெண்டு துரை சொல்லுறார்," என்றார் முதலியார். "ஊர்ச்சனம் சொல்லுறதையெல்லாம் சாட்சியா எழுத ஏலாதாம். விதிவிலக்கு இல்லை."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு என்மேலேயே பல நாள் இருந்தது. அப்பு கயிற்றைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் எறிந்தார். பாப்பாமோட்டையில் இருந்து, தைமாதம் வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் மகனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த மார்கழியில் ஆறு பெருகியது. பெருவெள்ளம் அளவுக்கு இல்லை, ஆனால் அதற்கு அடுத்தபடி என்று சொல்லலாம். விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் பள்ளக்காணிகள் எல்லாம் ஒரே தண்ணீர். வழக்கம்போலச் சனம் ஆடுமாட்டோடு எங்கள் மேட்டுக்கு வந்து ஏறியது. பிறகு நெல்லு வியாபாரியின் வண்டிகள் வந்தன. ஒப்பம் வாங்கிக் கட்டிய களஞ்சியத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். நனைந்த மூட்டைகளை அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாகச் சுமந்து கொண்டுவந்து, எனக்கு வீடு கட்ட மறுத்த இடத்தில் அடுக்கினார்கள். இறக்கி வைக்கலாமோ என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டார்கள். வையுங்கோ என்றேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் பற்றி எரிந்தது.

பின்னேரம் தண்ணீர் நின்றது. கோடு இழுக்க அப்பு எழும்பவில்லை. "இனி என்னத்துக்குக் கோடு?" என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் அடுப்பில் இருந்து ஒரு கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு சரிவால் இறங்கினேன். பொம்பிளைப்பிள்ளை இழுக்கிற வேலையில்லை என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். நீங்கள் வந்து இழுங்கோ என்றேன், அவர் வரவில்லை. வெள்ளை மரத்தில் கறுப்புக் கோடு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றிவர இழுத்தேன். தண்ணீர் வடிந்தபோது சேறும் அந்தக் கோட்டுக்குக் கீழே மரத்தைக் கபிலமாக்கிவிட்டுப் போனது. மேலே வெள்ளை, கீழே சேறு, நடுவில் என் கோடு. வண்டிப்பாதையில் நின்றாலே தெரிந்தது.

பாதை காய்ந்ததும் வெள்ளச் சேதம் பார்க்கத் துரை வந்தார். மேட்டில் காயப்போட்டிருந்த நெல்லைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். இந்த முறை கயிற்றை நான் பிடித்தேன், மற்றத் தலைப்பைத் துரையே பிடித்தார். அவர் கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்திலேயே ஒரு கடுதாசியில் எழுதி ஒப்பம் வைத்தார். முதலியார் வாசித்தார். இன்னாருக்குத் தயவின் பேரில் விதிவிலக்கு அளிக்கப்படுகிறது. அது அவருடைய சீவியகாலத்துக்கு மட்டுமே. அவருக்குப் பின் வீடு அகற்றப்படவேண்டும். காணியை எவருக்கும் வீட்டோடு கொடுக்கக் கூடாது.

அப்பு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"ஐயா, எனக்கு ஒரு மகள் பிறந்தால் அவளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று முதலியாரைக் கேட்டேன்.

"அதைப் பிறகு பார்க்கலாம் பிள்ளை. துரை உனக்கு இரக்கம் காட்டுறார். வாங்கு."

"இரக்கம் கேட்க நான் பிழை ஒண்டும் செய்யேல்லை. பிழையான இடத்திலை நிக்கிறது கல்லு. அதைப் பிடுங்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் நடச் சொல்லுங்கோ."

முதலியார் தயங்கித் தயங்கித்தான் அதை இங்கிலிசில் சொன்னார். துரை கனநேரம் பேசினார். கல் வரிசையைக் குறித்த படம் கொழும்பில் அச்சடித்தாகிவிட்டதாம். ஒரு கல்லை அசைத்தால் எல்லாக் கல்லையும் அசைக்கவேண்டி வருமாம்.

"அப்ப கல்லு அங்கை நிக்கட்டும். வீடு இஞ்சை நிக்கும்." கடுதாசியை மடித்து முதலியாரின் கையிலேயே கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு அப்பு என்னைத் திட்டாத திட்டில்லை. "கையிலை வந்ததை எறிஞ்சிட்டியே, உனக்கென்ன விசரோ?" என்றார். வீடும் போய், மாப்பிள்ளையும் போய், மறியல்வீட்டுச் சிறைக்கும் போகவேண்டி வந்தால் என்ன செய்வது என்று நானும் நினைத்தேன். விடிந்து பார்த்தால் அப்பு மேட்டில் மண் குழைத்து மிதித்துக்கொண்டு நின்றார். நானும் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

தைமாதக் கடைசியில் மாப்பிள்ளையின் தாய் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார். கடுதாசி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அடுத்த ஞாயிறு எங்கள் ஓலை கோயிலில் வாசிக்கப்பட்டது.

அதன் பிறகு துரைமார் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் வந்த புதிதில் ஒரு கட்டளை அனுப்புவார்கள், வீட்டை இடித்து அகற்று என்று. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே மறுமொழிதான் எழுதினேன். மார்கழியில் வந்து பார்த்துவிட்டு இடியுங்கள். மார்கழியில் ஒருவரும் வந்ததில்லை, வருகிற பாதை அப்போது தண்ணீருக்குள் கிடக்கும். நான் மட்டும் ஒவ்வொரு மாரிக்கு முதலும் மருதமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பழைய கோடுகளுக்கு மேல் தூரிகை படாமல் பார்த்து அடித்தேன்.

போன வருசம் மகளுக்குக் கலியாணம் பேசி, சீதன உறுதிப்பத்திரம் எழுத நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, காணியின் நாலு எல்லையையும் கேட்டு எழுதினார். மேற்கே கச்சேரியார் கல் என்றும் எழுதினார். பிறகு பேனையை நிறுத்தினார்.

"அம்மா, இந்த வீட்டுக்கு அனுமதிக் கடுதாசி இருக்கோ?"

"இல்லை."

"விதிவிலக்கு?"

"தந்தவை. நான் வாங்கேல்லை."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் என்னெண்டு எழுதுறது?"

"உள்ளதை எழுதுங்கோ," என்றேன். "அனுமதி இல்லை. வீடு இருக்கு. மகளுக்குக் குடுக்கிறன்."