ஏழாயிரத்தில் ஒரு குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அனுபவித்தவரே இன்னும் முழுதாக நம்பவில்லை.

அந்த மெக்கானிக்கைப் பட்டறையில் எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். பானட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுவார். அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கண்ணுக்கு மனிதர்களே அல்ல. அதிலும் அந்தப் பல் டாக்டர்! முப்பது வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட், அடித்தால் பறக்கிற இன்ஜின். அதை வாங்கிவைத்துக்கொண்டு கைக்குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் ஓட்டுகிற ஆள்.

"மீட்டர்ல ஆர்.பி.எம். ஆறாயிரம் தாண்டுனா உள்ள ஏதோ சத்தம் வருது," என்றார் டாக்டர்.

"நீங்க ஆறாயிரம் தாண்டுனீங்களா? அதுதான் சார் ஆச்சரியம்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதுக்காரர் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு மணிக்கு ஸ்கூல் வாசலில் மகள் நிற்பாள். அதற்குள் முடித்துவிடலாம்.

மணி 3.12. மூடிக்கிடந்த ஆலைக்குப் பின்னால் ஆளில்லாத நேர்ச்சாலை. முடிவில் ஒரு வளைவு. அதற்கப்பால் கல் வெட்டியெடுத்த பள்ளம்.

இரண்டாவது கியரில் மிதித்தார். நாலாயிரம்... ஐயாயிரம்... ஆறாயிரம். இன்ஜின் கணீரென்று பாடியது. வேறு சத்தமே இல்லை. "பயந்தாங்கொள்ளி!" என்று டாக்டரை நினைத்து ஜன்னல் வழியே துப்பினார்.

திரும்பியபோதுதான் பார்த்தார். பக்கத்து சீட் பெல்ட் மாட்டியிருந்தது. விறைப்பாக, முன்பக்கம் வளைந்து... யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்.

ஆறாயிரத்து ஐந்நூறு.

"அவ்வளவுதானா?"

பெண் குரல். ஒரே இளக்காரம். காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்...

காலை எடுத்தார். பெடல் மேலே வரவில்லை.

கியர் தானாக மாறியது. மீட்டர் முள் இறங்கவில்லை.

ஏழாயிரம்.

"ச்சே... நீயும் இவ்வளவுதானா?"

பிரேக் கல்லாகியிருந்தது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் அணையவில்லை.

வளைவு...

"நிறுத்து! நாலு மணிக்குப் பொண்ணைக் கூப்பிடணும்... விட்டுடும்மா!"

டக்.

நிசப்தம்.

வண்டி நின்றிருந்தது. முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம். மணி 3.17. பக்கத்து சீட் பெல்ட் தளர்ந்து தொங்கியது.

முதல் கியரில் ஊர்ந்தே திரும்பினார். வாய்க்கொழுப்பு மட்டும் போகவில்லை.

"ஃபேன் பெல்ட் சார். இதுக்குப் போயி இவ்வளவு அலட்டல்."

டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். "ஃபேன் பெல்ட் அழுமா?" என்று போனை நீட்டினார். ஓட்டும்போது அவர் பதிவு செய்தது. தேதி, மூன்று வாரத்துக்கு முந்தையது. அப்போது காதுக்காரர் அந்த வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இன்ஜின் அலறியது. அதற்குள்ளிருந்து ஓர் ஆணின் அழுகை.

"...நாலு மணிக்குப் பொண்ணைக் கூப்பிடணும்... விட்டுடும்மா!"

காதுக்காரருக்கு எந்தச் சத்தமும் தப்பாது. அது அவருடைய குரல்.

பதிவு அதோடு முடியவில்லை. இன்னும் பதினோரு விநாடி இருக்கிறதாம். டாக்டர் அதைக் கேட்டிருக்கிறார், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

காதுக்காரர் இன்றுவரை கேட்கவில்லை.