புருவத்தால் சொன்ன ஆமாம்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியது. சனிக்கிழமை காலை. தியோடுலோ மல்லாந்து படுத்து ஸ்பானரைத் திருகினார். மகள் மார்விலின் டார்ச் பிடித்தாள்.

"இறுகிடுச்சாப்பா?"

இரண்டு புருவங்களையும் ஏற்றி இறக்கினார். பிலிப்பைன்ஸில் பக்கோலோட் பக்கத்து ஆட்களுக்கு அது ஆமாம்.

"வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா?" என்றாள் அம்மா எஸ்தர்.

"கொட்டினா நீ பொறுக்கி வித்துடுவ. அதான் மூடி வெச்சிருக்கேன்."

அன்று மாலை நான்கு மணிக்கு அவருடைய இதயம் நின்றது. கனடாவின் வின்னிபெக்குக்கு அவர்கள் வந்து ஒரு வருடம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

மார்விலினுக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. அதற்குக் காரணம் ஜனவரியில் நடந்த ஒரு விஷயம்.

ஊரில் இருபத்திரண்டு வருடம் சர்க்கரை ஆலையின் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் தியோடுலோ. அந்த இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. இங்கே ஒரு கொதிகலன் கூடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்ல மகளையும் உட்காரவிட்டார்கள்.

வெளியே மைனஸ் முப்பது. பழைய துணிக்கடையில் அவரே வாங்கிய கோட்டைப் போட்டிருந்தார். கத்தரிப்பூ நிறம், இடுப்பில் சுருக்கம். பெண்கள் கோட்டு. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"வேணாம்ப்பா, சிரிப்பாங்க."

"குளிருக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, இண்டாய்." மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நேர்காணல் அதிகாரியின் பார்வை அந்தச் சுருக்கத்தில் ஒரு கணம் நின்று நகர்ந்தது. மார்விலினுக்கு முகம் எரிந்தது. அழுத்தம் எல்லை மீறினால் யாரையும் கேட்காமல் அடுப்பை நிறுத்துவாரா என்று அதிகாரி கேட்டார். அவள் அப்பாவின் காதருகே சொன்னாள். புருவம் ஏறி இறங்கியது. அதிகாரி காத்திருந்தார். மறுபடி கேட்டார். புருவம் மறுபடி ஏறியது, இந்தமுறை சந்தோஷமாக.

"பதில் சொல்வாரா?"

அவள் கருவியியல் டிப்ளமோ படித்தவள். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆமாம் என்ற ஒரே ஒரு சொல். அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

"அவருக்குப் புரியலைன்னு நினைக்கிறேன்."

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நல்லாப் போச்சு இல்ல? எல்லாத்துக்கும் ஆமான்னுட்டேன்."

"ம்."

"நீ இல்லைன்னா நான் திணறிப்போயிருப்பேன்."

இரண்டு வாரத்தில் வேறு ஆளை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவர் ஒரு பேரங்காடியில் தரை துடைக்கப் போனார். ஞாயிறு சர்ச் பூசைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "என்ன என்ஜினீயரே, இன்னிக்கு எத்தனை டன் நீராவி?" "ஒரு வாளி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மார்விலின் கோட்டு மாட்டும் இடத்துக்குப் போய் நிற்பாள்.

செப்டம்பரில் அதே கூடத்தில் மறுபடி ஆள் கேட்டார்கள். விண்ணப்பத்தை அவள்தான் எழுதினாள். அவர் போவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "திங்கட்கிழமை நேர்லயே போய்க் குடுத்துடுவோம். நீயும் வா. நீ கூட இருந்தா எனக்குத் தைரியம்."

"வர்றேன்ப்பா." ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அப்போது முடிவு செய்தாள். அவர் திட்டினால் திட்டட்டும். அதன் பிறகு அந்த அறையில் அவருக்குப் பக்கத்தில் உட்காரலாம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், எஸ்தர் ஃபிரிட்ஜ் மேலிருந்து பழுப்பு உறையை எடுத்தாள். உள்ளே மகள் எழுதிய விண்ணப்பமும் ஆலையின் சான்றிதழும் அவர் புகைப்படமும் இருந்தன.

"இதை எங்கேயோ குடுக்கணும்னாரே, எங்கடி?"

மார்விலின் இடத்தைச் சொன்னாள். ஜனவரியில் நடந்ததைச் சொல்லவில்லை. அம்மா உறையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.