பட்டியலில் இல்லாத பதினைந்து கடிதங்கள்

சந்திரிகா சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். தினமும் பஸ் பிடித்து பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே மூவாயிரம் பேருடைய மின்னஞ்சலைச் சுமந்த கணினியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

1998இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது அஞ்சல்பெட்டிகள் குழம்பிக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கடிதங்கள் உண்டு. என்னென்ன கடிதம் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலும் உண்டு. திரையில் தெரிவது பட்டியல் மட்டுமே. இப்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டோரில் வேலை பார்க்கும் பக்கிரிசாமி வந்து கணினிக்குத் திருநீறு பூசினார்.

"மெஷினுக்கு நெத்தி எங்கண்ணே இருக்கு?"

"சும்மா இரு லா. உன் மெஷின் புத்தகத்துல இதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்குண்ணே. படிக்கத்தான் நேரம் வேணும்."

அவள் திருநீற்றைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் படித்தாள். முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று காலை சுங்கை பாக்காப்பிலிருந்து வேலைக்கு வரும் புஷ்பவள்ளி வந்து நின்றாள். அதே தொழிற்சாலையில் அமிலத் தொட்டியருகே வேலை பார்ப்பவள், குரல் கரகரத்தது.

"அக்கா, செவ்வா காலையில ஆறே முக்காலுக்கு மெயில் போட்டேன்கா. நெஞ்சு எரியுது, கிளினிக் போறேன்னு. வரவே இல்லைங்கிறாங்க. சொல்லாம மூணு நாள் லீவு போட்டியாம். ரெண்டு மணிக்கு விசாரணை. வேலை போயிரும்கா."

அமிலப் புகையை வெளியேற்ற ஒரு குழாய் போட வக்கில்லாத நிர்வாகம், புகையில் வெந்தவளை விசாரிக்க மட்டும் மூன்று அதிகாரிகளைத் தயாராக வைத்திருந்தது.

கடிதம் போன இடம் பணியாளர் அதிகாரி கனகசுந்தரத்தின் பெட்டி. சந்திரிகா எண்ணிப் பார்த்தாள். பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு. கணினியின் வட்டில் இருந்த கடிதங்களோ நானூற்று இருபத்தேழு.

பதினைந்து கடிதங்கள், யாரும் கூப்பிடாமல், அங்கேயே இருந்தன.

கனகசுந்தரம் வாசலில் வந்து நின்றார்.

"ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்? லிஸ்ட்டில இல்லாததெல்லாம் குப்பைதானே. அழிச்சு விடும், ரெண்டும் சரியாப் போயிடும்."

அவர் சொன்னதும் ஒரு வழிதான். பட்டியலை நம்பிக் கடிதங்களை அழிக்கலாம். கடிதங்களை நம்பிப் பட்டியலைப் புதிதாக எழுதலாம். பெட்டியைச் சரிசெய்யும் செயலி இரண்டுக்கும் தயார். எதை நம்புவது என்று அது கேட்கும். பதில் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

சந்திரிகாவின் அப்பா ராமசாமி நிபோங் திபால் தோட்டத்தில் பிறந்தவர். சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐ.சி. அட்டைதான். பிறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றார்கள். சொன்ன எவனும், எதிரே நின்ற மனிதரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடிதம் இருக்கு சார். லிஸ்ட்தான் தப்பு," என்றாள்.

முதலில் எல்லாவற்றையும் காந்த நாடாவில் நகலெடுத்தாள். பிறகு கட்டளையைத் தட்டினாள். செயலி ஒவ்வொரு கடிதமாகத் திறந்து, யார், யாருக்கு, எப்போது என்று வாசித்துப் புதுப் பட்டியல் எழுதியது. திரையில் வரிகள் ஓடின. நானூற்றுப் பதின்மூன்று, பதினான்கு... சந்திரிகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கடிதமும் தன்னை மறக்கவில்லை. எந்தக் கணினியில் புறப்பட்டது, எந்த நிமிடம் வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றும் தன் தலையிலேயே எழுதி வைத்திருந்தது. மின்சாரம் போயும், பட்டியல் கைவிட்டும், ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. இதில் மந்திரமில்லை, தெய்வமில்லை. எங்கோ யாரோ முகம் தெரியாத மனிதர்கள், ஒருநாள் இப்படி நேரலாம் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு விசாரணை அறையில், "சார் பெட்டியை சாரே திறக்கட்டும்," என்றாள்.

கனகசுந்தரம் திறந்தார். செவ்வாய், காலை ஆறு நாற்பத்தைந்து, புஷ்பவள்ளி. பக்கத்தில் 'படிக்கப்பட்டது' என்ற குறி. செவ்வாயன்று மின்சாரம் போகுமுன்பே விழுந்த அந்தக் குறியும் கடிதத்தோடுதான் இருந்தது.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி கனகசுந்தரத்தைப் பார்த்தார். கனகசுந்தரம் மேசையைப் பார்த்தார். பணிநீக்க உத்தரவு கையெழுத்தாகாமல் மடிக்கப்பட்டது.

புஷ்பவள்ளி மட்டும் எழுந்து போய்த் திரையைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"அக்கா, நான் எழுதினது அப்படியே இருக்குக்கா," என்றாள், கரகரத்த குரலில். "கடைசியில புகைக்கு ஒரு குழாய் போடுங்கன்னு கேட்டேன்ல, அதுவும் இருக்கு. படிங்க சார்."