செயின் உட்காரவில்லை

புயல் போன மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. தெருவுக்கு அது ஒன்றுதான் வழி. என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மழையால் முந்தின முறை தவறிவிட்டது. கால் வீங்கி, இரண்டு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. இன்று வந்தே ஆகவேண்டும் என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போகலாம் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"உசுரோட இருக்கசொல்லோ என்னை நாலு பேரு தூக்க வாணாம்" என்றாள்.

என்னிடம் மரம் அறுக்கும் மிஷின் இருந்தது. செயின்தான் இல்லை. பழசு கோடையிலேயே அறுந்துபோய்ப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. செயின் சுற்றி ஓடும் நீளப் பட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மரத்தின் மேல் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் ஒருவரிடம் பைக்கை இரவல் வாங்கி, பெரியபாளையத்தில் மிஷின் சாமான் கடைக்கு விரட்டினேன்.

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கி, பட்டையில் குத்தியிருந்த எண்களைப் படித்தார். நீளம் மட்டும் ஒத்தால் போதாதாம். கண்ணிகளின் இடைவெளி, பட்டை விளிம்பில் பள்ளமாக ஓடும் காடிக்குள் உட்காரும் கீழ்ப்பல்லின் தடிமன், அந்தப் பற்களின் எண்ணிக்கை எல்லாம் ஒத்துவர வேண்டும். எழுபத்திரண்டு பல்லையும் என் எதிரிலேயே எண்ணினார். "பட்டையையே கொண்டாந்திருக்கலாமேண்ணா" என்று மட்டும் சொன்னார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபது வருடமாக ஃபிட்டர் நான். எனக்கே பாடம் எடுக்கிறானே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே அவர் கொடுத்த செயினை வாங்கி வந்தேன்.

வீட்டில் இரண்டு நட்டைக் கழற்றி, மூடியை எடுத்து, வெட்டும் பல் முன்பக்கம் பார்க்கும்படி செயினைச் சுற்றினேன். உட்காரவில்லை. காடிக்கு மேலேயே நின்றது. சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தேன். உள்ளே அவள் இருமினாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பட்டையையும் செயினையும் சாக்கில் சுருட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன்.

"இன்னாய்யா செயின் குடுத்துக்கிற? தடிமன் தெரியாம கடை வெச்சிக்கினு மனுசன் உசுர வாங்குறியா?" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக் காடிக்குள் விட்டு இழுத்தார். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"ஆயுத பூஜை பலமாண்ணா?"

சந்தனமும் குங்குமமும். எங்கள் கம்பெனியில் பூஜையன்று எந்த மிஷினும் பொட்டில்லாமல் தப்பாது. ஸ்பேனருக்குக்கூட வைப்போம். அதே தாராளத்தில் வீட்டு மிஷினைப் பிரித்துக் கழுவி, செயின் இல்லாத பட்டையின் நீளத்துக்கும் வழித்துப் பூசியவன் நானேதான். மறுநாள் மேலே இருந்ததைத் துடைத்தேன். காடிக்குள் போனது காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிட்டிருந்தது. எண்ணெய் வரும் துளையும் அடைத்திருந்தது. அதையும் அவரே ஊசி விட்டுக் குத்தி எடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "ஊட்ல அவளுக்கு டயாலிசிஸ், வண்டி வர வழியில்ல" என்றேன்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாண்ணா? போங்க, மொதல்ல மரத்தை அறுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது செயின். திருகி இறுக்கிவிட்டு, கையுறை போட்டு இழுத்துப் பார்த்தேன். தொங்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாடா என்றிருந்தது. ஒரு மணி நேரத்தில் மரத்தை அறுத்தேன். துண்டுகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓரமாக உருட்டிவிட்டார்கள். ஆட்டோ வாசலுக்கே வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்து ரத்தம் சுத்தமாகத் தொடங்கிய பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

நாலு மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் கண் விழித்திருந்தாள்.

"பசிக்குது. இட்லி கெடைக்குமா?"

மூன்று நாளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. கேன்டீனுக்கு ஓடினேன்.