பூசணம் பிடிக்காத முதல் ஜாடி

என் மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து பெண்கள் விடுதி ஒன்றில் தங்கிய முதல் சில மாதங்களில், எங்களுக்குள் நடந்த போன் பேச்சு முழுவதும் குழம்பைப் பற்றியதுதான். திங்கட்கிழமை சாம்பார், செவ்வாய்க்கிழமை காரக்குழம்பு, புதன்கிழமை மோர்க்குழம்பு என்று விடுதிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். சுவரைப் படிக்காவிட்டால் எது எதுவென்று தெரியாதாம். முதல் தடவை லீவில் வந்தவளை சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் பார்த்தபோது, அவளைத் தூக்குவதா பையைத் தூக்குவதா என்று வந்தால் அவளைத் தூக்குவதுதான் சுலபம் என்று பட்டது. அந்த விடுதியை நான்தான் நடத்துகிறேன் என்பதுபோல என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

“நல்ல ஊறுகா மட்டும் இருந்தா தயிர்ச்சோத்தையாவது உள்ள தள்ளிருவேம்ப்பா. கடை ஊறுகா தொண்டையில எரியுது” என்றாள் மகள்.

என் மனைவிக்குச் சமையலில் தெரியாதது ஊறுகாய் ஒன்றுதான். “எங்க வீட்டுல கடையிலதான் வாங்குவோம். எனக்கு வராதத வரும்னு சொல்ல மாட்டேன்” என்று விலகிக்கொண்டாள். எனக்கு அப்படியொரு கொள்கை கிடையாது. வராததை வரும் என்று சொல்லித்தான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் பதவி உயர்வு வாங்கியதும் அதே வழியில்தான்.

கைப்பேசியில் ஒரு அம்மாள் எலுமிச்சங்காய் ஊறுகாய் போடும் வீடியோவைப் பார்த்தேன். புளியங்குடிச் சந்தைக்குப் போய் ஒரு பை நிறையப் பழம் வாங்கிவந்தேன். நறுக்கி, கல் உப்பும் மஞ்சள்பொடியும் போட்டுக் குலுக்கி, ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். தோல் மெத்தென்று ஆனதும் மிளகாய்ப்பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். ஊறுகாய் ஆகிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடி லீவில் வந்த மகள் ஜாடியோடு ரயிலேறினாள். அடுத்த தடவை வந்தபோது அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை இருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் விடுதி நிர்வாகி மறைந்து பழைய கணவன் தெரிந்தான்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அலுவலகத்தில் தேநீர் இடைவேளைகளில் உப்பின் அளவைப் பற்றிப் பேசினேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். “அதுக்கு ஒரு கை வேணும்” என்று, கையை நீட்டியே காட்டினேன்.

அந்தக் கைதான் இரண்டாவது ஜாடியையும் போட்டது. ஒரு வாரம் கழித்துத் துணியை அவிழ்த்தால், மேலே மெல்லிய வெள்ளை இழைகள். உப்புப் பூத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து உப்புக்குப் பச்சை நிறம் வந்தது. மூன்றாவது ஜாடியில் தாடியே வளர்ந்தது. உலகத்தில் ஒரு விஞ்ஞானிக்குப் பூசணத்தால் புகழ் கிடைத்தது என்று படித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது ஜாடியைத் தேய்த்துக் கழுவும் வேலை.

மகள் போனில், “பொங்கலுக்கு வரும்போது ஊறுகா ரெடியா இருக்கும்லாப்பா? மறுபடியும் ராத்திரி பிஸ்கட்தான் ஓடுது” என்றாள். இருக்கும் என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் மனைவி நின்றிருந்தாள். விடுதி நிர்வாகி திரும்பி வந்துவிட்டார் என்று புரிந்தது.

விசாரணையைத் தொடங்கினேன். முதலில் பழத்தின்மேல் சந்தேகம். புளியங்குடிக்குப் போய் அதே வியாபாரியிடம் நைச்சியமாகக் கேட்டேன். அவர் ஒரு பழத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாருங்க அண்ணாச்சி. இந்தப் பழம் லாரி ஏறி எங்கெங்கயோ போகுது. அங்கன எல்லாம் கெடல. ஒங்க வீட்டு ஜாடிக்குள்ள மட்டும் கெட்டுப்போகுதுன்னா, நான் பழத்தையா சந்தேகப்படுவேன்?”

அலுவலக நண்பர் ஒருவர் வேறு கோணத்தில் யோசித்தார். “கண்ணு வே, கண்ணு. நீரு ஊரெல்லாம் கையை நீட்டிக் காட்டுனீரே, அப்பமே நான் நெனச்சேன்.”

“யாரு கண்ணு?”

“என் கண்ணாக்கூட இருக்கும். எனக்கு ஒரு ஸ்பூன் குடுத்தீரா வே?”

மழைக்காலம், வெயில் பத்தவில்லை, உப்பில் கலப்படம், ஜாடியில் கீறல் என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் நம்பும்படியாகவே இருந்தன, அதுதான் தொல்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. கெட்டுப்போன இரண்டு ஜாடிகளைப் பற்றியே துருவிக்கொண்டிருக்கிறேன். கெடாத ஜாடி ஏன் கெடவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தோற்றால் விசாரணைக் கமிஷன் வைக்கிறோம். ஜெயித்தால் மாலையைப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரியாது. தெரியாமலேதான் இத்தனை நாள் கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முதல் நாளை அப்படியே திரும்ப நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மகள் வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதே முக்காலி, அதே அரிவாள்மனை, அதே ஜன்னலோரம். பழங்களைப் பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டேன். ஜாடியையும் கழுவிக் கவிழ்த்தேன். மனைவி துவைக்கிற துணியோடு கடந்துபோனாள்.

“அன்னைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?”

“சட்டையா? கிழிஞ்ச பனியன்.”

உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“இது ஊறுகா போடுததா, நாடகம் போடுததா?”

“ஒண்ணு விடாம செய்யணும். அன்னைக்கு நாம சண்டை போட்டோம்லா?”

“ஆமா.”

“அதையும் போடணும்.”

“எனக்குத் துணி கெடக்கு. நீங்களே தனியா போட்டுக்கோங்க.”

“எதுக்குச் சண்டைன்னாவது சொல்லு.”

துணியைக் கீழே போட்டாள். பல மாதப் பழைய சண்டை என்றாலும் அவளிடம் அது புதிதாகவே இருந்தது.

“எதுக்கா? அத்தன நாள் கழிச்சு அன்னைக்குத்தான் குழாயில தண்ணி வரும்னாங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன், தண்ணி வந்தா தொட்டிய நெறைச்சிருங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனேன். நீங்க கட்டுரை யோசிக்கேன்னு கண்ண மூடிக் கெடந்தீங்க. தண்ணி வந்து, நின்னும் போச்சு. குடிக்க ஒரு குடம்தான் மிச்சம். வந்து நின்னா, பழம் கழுவத் தண்ணி கேக்கீங்க! ஒரு சொட்டு தர மாட்டேன், துணிய வச்சுத் தொடைச்சுக்கோங்கன்னேன். ஜாடியையும் அப்படித்தான் தொடைச்சீங்க. மறந்துபோச்சா?”

மறந்துதான் போயிருந்தது. வாளியைப் பார்த்தேன். பழங்கள் குளித்து முடித்து மினுமினுத்துக்கொண்டிருந்தன. இரண்டாவது ஜாடிக்கும் மூன்றாவது ஜாடிக்கும் இதே குளியல்தான். ஈரம் சொட்டச் சொட்ட நறுக்கி, ஈர ஜாடியில் போட்டு, மேலே துணியும் கட்டிப் பூசணத்துக்கு வசதியாகக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்திருக்கிறேன். என் வாழ்நாள் சாதனைக்கு அடிப்படை என் கைப்பக்குவம் அல்ல, நான் தூங்கியது. என்னைத் திட்டியவள் தண்ணீர் தர மறுத்தது.

“அப்ப அது யாரு கைப்பக்குவம்னு இப்பத் தெரியுதா?” என்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. உண்மையிலேயே ஈரம்தானா? அன்றைக்கு நல்ல கோடை, இப்போது மார்கழி. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் பழத்தைக் கழுவாமலே துடைத்துப் போட வேண்டும். மனைவி சம்மதிக்கவில்லை. “மருந்து அடிச்ச பழமா என்னன்னு தெரியாது. ஒங்க ஆராய்ச்சிக்கு எம் பிள்ள வயிறா கெடச்சுது?” கடைசியில் கழுவிய பழங்களைத் துடைத்து, வேட்டியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் மாலைவரை உலர்த்தினோம். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பினேன். ஜாடி மொட்டைமாடியில் கவிழாமல் வாய் திறந்து வெயில் காய்ந்தது. மனைவி அரிவாள்மனையைக்கூடத் துடைத்துத் தந்தாள். அதன் பிறகுதான் உப்பு.

மகள் வந்தாள், பொங்கல் முடிந்தது, கிளம்பும் நாளும் வந்தது. எலுமிச்சம்பழம் இன்னும் பாதிதான் ஊறியிருந்தது. பூசணம் இல்லை, ஆனால் அது வர இன்னும் அவகாசம் இருந்தது. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

“இன்னும் ரெண்டு வாரம் தொடக்கூடாது. தெனமும் குலுக்கு. ஈரக் கரண்டி போடாத. துணிய மாத்து. ஜன்னல் வெயில்ல வை.”

“அப்பா, இது ஊறுகாயா, கைக்குழந்தையா?”

அவள் போனபின் தினமும் நான்தான் போன் செய்தேன். வேலை எப்படியிருக்கிறது என்று கேட்பதுபோல் தொடங்கி ஜாடிக்கு வந்துசேர்வேன். மேலே ஏதாவது வெள்ளையாகத் தெரிகிறதா, ஓரத்தில் பார்த்தாயா, மோந்து பார்த்தாயா என்று துளைத்தேன். இல்லை, இல்லை என்றாள். ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

“அப்பா, ஜாடி காலி.”

“கெட்டுப்போச்சா?”

“தின்னாச்சுப்பா. ரூமுல எல்லாரும் சேர்ந்து.”

“இன்னும் ஊறவே இல்லையே!”

“ஊறியிருந்தா இன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும். யாரு பொறுத்தா?”

“பூசணம் வந்துச்சா, இல்லையா? அதைச் சொல்லு மக்கா.”

“வாரதுக்கு நேரம் எங்கப்பா குடுத்தோம்?”

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ஏட்டி, சோறு எறங்குச்சா?” அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இவள் முகம் மலர்ந்தது. “நெசமாவா? மறுசோறு வாங்குனியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போனை வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்தாள்.

எனக்குத்தான் முடியவில்லை. ஈரம்தானா, இல்லையா என்பதை யாரோ முகம் தெரியாத பெண்கள் தயிர்ச்சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள். மகள் சாப்பிட்டது சந்தோஷம்தான். ஆனாலும் இன்னும் இரண்டே வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

“ஞாயித்துக்கெழமை புளியங்குடிக்குப் போயிட்டு வாரேன்” என்றேன்.

“ரெண்டு ஜாடி போடுங்க. ஒண்ணு பிள்ளைக்கு. ஒண்ண நான் ஒளிச்சு வைக்கேன்.”

“எங்க?”

“ஒங்ககிட்டச் சொன்னா தெனமும் தெறந்து பாப்பீங்கள்லா.”